கச்சானும் கணினியும்

கட்டடம் என்பது சுவரும் கூரையும் மாத்திரமன்று. அவற்றினுள் அடங்கி நிற்கும் காற்றும் கட்டடத்தின் ஒரு கூறேயாகும். சுவரை எழுப்புபவன் கொத்தன். கூரைக்கு மரம் பூட்டுபவன் தச்சன். ஆயின், உள்ளே நிற்கும் காற்றின் வெம்மையையும் தண்மையையும், அதன் வரவையும் போக்கையும் ஆள்பவர் யார்? இவ்வினாவுக்கு மனித குலம் காலந்தோறும் அளித்துவந்த விடைகளின் தொகுப்பே ஒரு தனி வரலாறாகும். வீட்டுப் பெண்ணின் கைவிரலில் தொடங்கிய அந்த வரலாறு இன்று கணினியின் கணக்கில் வந்து நிற்கிறது. அதனை அறிதற்கு மட்டக்களப்பு வாவியின் கரையிலுள்ள மண்டூரை விடத் தகுந்த இடம் பிறிதொன்று கிடைப்பது அரிது.

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலை அடுத்த நிலத்தை எழுவான்கரை என்றும், மேற்கே வயல் விரிந்த நிலத்தைப் படுவான்கரை என்றும் அந்நாட்டு மக்கள் வழங்குவர். ஞாயிறு எழுகின்ற கரை ஒன்று. படுகின்ற கரை மற்றொன்று. குருமண்வெளித் துறைக்கு எதிரே, படுவான்கரையில் அமைந்த பழம்பதியே மண்டூர். தில்லை மரங்கள் செறிந்திருந்தமையால் தில்லை மண்டூர் என்றும், கந்தசுவாமி கோயிலின் சிறப்பினாற் சின்னக் கதிர்காமம் என்றும் இவ்வூர் போற்றப்படுகிறது. முன்னே வாவி நீர், பின்னே நெல்வயல், அதற்கப்பால் நெடுந்தொலைவில் இலங்கையின் நடுமலைநாடு. இந்த மூன்றுமே மண்டூரின் காற்றை வகுப்பவை.

மார்கழி, தை மாதங்களில் வடகீழ்த் திசையிலிருந்து வாடை வீசும். அது கடலின் ஈரத்தைச் சுமந்து வருவது, மழையைத் தருவது, சுவரிலும் துணியிலும் பூஞ்சணம் படியச் செய்வது. ஆனி, ஆடி மாதங்களில் வீசும் கச்சானோ இதற்கு முற்றிலும் மாறானது. தென்மேற்குப் பருவக்காற்று கொழும்புக் கரையில் ஈரமாகவே வந்து சேர்கிறது. மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறும்பொழுது குளிர்ந்து தன் நீரை மழையாகச் சொரிந்துவிடுகிறது. நீரிழந்த அக்காற்று கிழக்குச் சரிவில் இறங்குங்கால், ஒவ்வொரு 100 மீற்றர் இறக்கத்துக்கும் ஏறத்தாழ 1 பாகை செல்சியஸ் வீதம் வெம்மையேறுகிறது. ஏறும்போது இழந்த வெப்பத்தினும் இறங்கும்போது பெறும் வெப்பம் மிகுதி. எனவே மட்டக்களப்புச் சமவெளியை அடையும்போது அது உலர்ந்த அனற்காற்றாக மாறிவிடுகிறது. கடற்காற்றையும் உள்ளே வரவொட்டாது தடுத்து, பகல் வெப்பத்தை 38 பாகையை அண்மிக்கச் செய்யும் ஆற்றல் அதற்குண்டு. அல்ப்ஸ் மலைச் சாரலில் ஃபோன் என வழங்கும் காற்றின் இனத்தைச் சேர்ந்தது இது. உலகக் காற்றுகளின் பெயர்களைத் தொகுத்த வானிலை நூல்களிற் கச்சான் என்னும் தமிழ்ப் பெயர் அப்படியே இடம்பெற்றிருக்கிறது.

இத்தகைய நாட்டில் மண்ணாற் சுவர் வைத்து, கிடுகாலோ வைக்கோலாலோ வேய்ந்த வீட்டில் வாழ்ந்தோர் காற்றை ஆளும் முறையொன்றை அறிந்திருந்தனர். கச்சான் எழும் பகலில் மேற்குப் பக்கத்துத் திறப்புகளை அடைத்தனர். தடித்த மண்சுவர் வெப்பத்தை உடனே உள்ளே விடாது தாமதப்படுத்திற்று. மாலையிற் காற்றுத் தணிந்ததும் கதவுகளைத் திறந்துவிட, வாவிக் குளிர்ச்சி உள்ளே புகுந்து சுவரின் சூட்டை இரவெல்லாம் வாங்கிக்கொண்டது. வெயில் தாழ்ந்த வேளையில் மக்கள் திண்ணைக்கும் முற்றத்துக்கும் இடம் பெயர்ந்தனர். இங்கே மூன்று செயல்கள் நிகழ்ந்தமை கருதத்தக்கது. உடம்பு சூட்டை உணர்ந்தது. அறிவு முடிவு செய்தது. கை கதவை அடைத்தது அல்லது திறந்தது. உணர்தல், துணிதல், செய்தல் என்னும் இம்மூன்றையும் உயிரற்ற பொருளொன்றிடம் ஒப்படைக்க மேலைநாட்டார் முயன்றபோதே கட்டுப்பாட்டுக் கருவியின் வரலாறு தொடங்குகிறது.

அம்முயற்சியின் முதற் பயனைத் துய்த்தவை கோழிமுட்டைகள் என்பது வியப்புக்குரியது. ஒல்லாந்தில் 1572ஆம் ஆண்டிற் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த கோர்னேலிஸ் ட்ரெபெல் என்பார், முட்டைகளை அடைகாக்கும் அடுப்பொன்றை 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்தார். அடுப்பினுள் வைத்த கண்ணாடிக் கலத்தில் மதுசாரமும் பாதரசமும் இருந்தன. சூடு மிகுந்தால் மதுசாரம் விரிந்து பாதரசத்தைத் தள்ளும், பாதரசம் ஒரு கோலை உயர்த்தும், கோல் அடுப்பின் காற்று வாயிலை மூடும், நெருப்புத் தணியும். சூடு குறைந்தால் இவையாவும் மறுதலையாக நிகழும். தாய்க்கோழி இல்லாமலே தாய்க்கோழியின் வெம்மையை அக்கருவி காத்தது. பிரான்சு நாட்டவரான பொன்மேன் என்பார் 1777ஆம் ஆண்டளவில் உலோகக் கோலின் நீட்சியைக் கொண்டு இதே தொழிலைச் செய்வித்தார். 1830இல் ஸ்கொட்லாந்து இரசாயன அறிஞர் அன்ட்ரூ யூர், இருவேறு உலோகத் தகடுகளை ஒன்றாகப் பிணைத்து, சூட்டினால் அவை வளையும் தன்மையைப் பயன்படுத்தி ஒரு கருவிக்கு உரிமம் பெற்றார். தெர்மோஸ்டாட் என்னும் பெயரை அதற்கு இட்டவரும் அவரே. பஞ்சாலைகளின் வெப்பத்தை ஒரே நிலையில் வைத்தல் அவர் நோக்கமாயிருந்தது.

முட்டைக்கும் ஆலைக்கும் பயன்பட்ட இக்கலை மனிதர் அமரும் அறைக்கு வந்து சேர்ந்த கதை ஓர் ஆசிரியரோடு தொடர்புடையது. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் வைட்வோட்டர் என்னும் ஊரின் ஆசிரிய கலாசாலையில் வொரன் ஜோன்சன் என்பார் பேராசிரியராயிருந்தார். குளிர்காலத்திற் கலாசாலையின் காவலாளி ஒவ்வொரு வகுப்பறைக்கும் நேரிற் சென்று வெப்பமானியைப் பார்த்து, பின் நிலவறைக்கு இறங்கி அனற்காற்றின் வாயில்களைத் திருத்துவது வழக்கம். பாடம் நடக்கும்போதெல்லாம் அவன் வந்து செல்வது இடையூறாயிற்று. அறையின் சூடு குறைந்தவுடன் நிலவறையில் மணியடிக்கும் மின்கருவி ஒன்றை ஜோன்சன் ஆக்கி, 1883இல் உரிமம் பெற்றார். 1885இல் மில்வோக்கி நகரிற் கம்பனி ஒன்றையும் நிறுவினார். அக்காலத்தையொட்டி மினியாப்பொலிஸ் நகரின் அல்பேர்ட் பட்ஸ் என்பார், உலைக்குக் காற்றுச் செல்லும் வாயிலைத் தானே திறந்து மூடும் கருவியை அமைத்தார். பிற்காலத்திற் புகழ்பெற்ற இரு பெரும் கட்டுப்பாட்டுக் கருவித் தொழிலகங்கள் இவ்விரு முயற்சிகளிலிருந்தே கிளைத்தன.

அதே நூற்றாண்டில் கீழைநாடுகளின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இந்தியாவிலும் இலங்கையிலும் நீதிமன்றங்களிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் கூரையிலிருந்து தொங்கிய பெரிய பங்காக்களை ஏழைக் கூலியாட்கள் கயிற்றால் இழுத்துக்கொண்டிருந்தனர். உள்ளே அமர்ந்தவருக்குக் காற்று. வெளியே தாழ்வாரத்தில் அமர்ந்து இழுத்தவனுக்கு வியர்வை. மேலைநாட்டில் மணியோசைக்குக் காத்திருந்த காவலாளியும், கீழைநாட்டிற் கயிற்றைப் பற்றியிருந்த கூலியாளும் ஒரே தொழிலையே செய்தனர். பிறருடைய உடம்பின் உணர்வுக்கு இவர்களின் கை ஏவல் செய்தது. மின்விசிறி வந்து பங்காவை அகற்றிற்று. 1902இல் வில்லிஸ் கரியர் என்னும் அமெரிக்க இளைஞர் நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்துக்காகக் குளிரூட்டும் பொறியமைப்பை வகுத்தார். ஈரக்காற்றினாற் காகிதம் விரிந்து வர்ணங்கள் ஒன்றன்மேலொன்று பொருந்தாது போயின. அதனைத் தடுத்தலே அவர் வேலை. மனிதனுக்கு முன் காகிதத்துக்கே குளிர்பதனம் வாய்த்தது என்க.

கருவிகள் பெருகவே புதியதோர் இடுக்கண் தோன்றிற்று. சூட்டைத் தணிக்க முயன்ற கருவி அளவுக்கு மீறிக் குளிரச் செய்யும். குளிரைப் போக்க முயன்று அளவுக்கு மீறிச் சூடாக்கும். இவ்வாறு ஓயாது ஊசலாடும் இயல்பு ஏன் வந்தது? படுவான்கரை விவசாயிகளுக்கு இதனை விளக்க நெடிய கணிதம் வேண்டுவதில்லை. குளத்து மதகைத் திறக்கும் வட்டவிதானையை அவர்கள் அறிவர். மதகைத் திறந்தவுடன் கடைமடை வயலுக்கு நீர் சென்றுவிடாது. வாய்க்கால் வழியே செல்லச் சில நாழிகைகள் ஆகும். பொறுமையற்ற ஒருவன், நீர் வரவில்லையென்று மதகை மேலும் மேலும் திறந்தால், பின்னர் வரும் வெள்ளம் வரப்பை உடைக்கும். அஞ்சி மதகை முற்றாக அடைத்தால், சில நாழிகைக்குப் பின் வயல் வறளும். தேர்ந்த வட்டவிதானையோ எவ்வளவு குறைவு என்பதை மட்டுமன்றி, எவ்வளவு நேரமாகக் குறைவு என்பதையும், நீர் இப்போது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதையும் சேர்த்து எண்ணியே மதகைத் திருத்துவான்.

இந்த அறிவையே மேலைநாட்டுக் கணிதர் சூத்திரமாக்கினர். பொறிகளின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகளை ஆராய்ந்து ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1868இல் எழுதிய கட்டுரை இத்துறையின் மூலநூல்களுள் ஒன்று. கப்பலின் சுக்கானைத் தானே திருப்பும் கருவிக்காக 1922இல் நிக்கொலஸ் மினோர்ஸ்கி, குறைவின் அளவு, குறைவின் திரட்சி, குறைவு மாறும் வேகம் என்னும் மூன்றையும் ஒருங்கே கொண்ட விதியை வகுத்தார். 1942இல் சீக்லர், நிக்கொல்ஸ் என்னும் பொறியியலாளர் இருவர் அவ்விதியின் எண்களை ஒரு கருவிக்கு ஏற்பத் தெரிந்தெடுக்கும் வழியைக் காட்டினர். கட்டடங்களின் வெப்பக் கருவிகள் பலவற்றில் இன்றும் இயங்குவது இந்த விதியே.

விதி கிடைத்தது, அதனைச் சோதிப்பது எங்ஙனம்? இங்கேதான் கட்டடத்தின் இயல்பு குறுக்கே நிற்கிறது. ஒரு கடிகாரத்தை மேசைமேல் வைத்துச் சோதிக்கலாம். ஒரு கட்டடத்தை அவ்வாறு சோதிக்க இயலாது. கருவி சரியாக இயங்குகிறதா என்பதை அறிய வாடையும் வரவேண்டும், கச்சானும் வரவேண்டும். அதற்கு ஓராண்டு காத்திருத்தல் வேண்டும். பிழை நேர்ந்தால் அதனை அனுபவிப்போர் உள்ளே இருக்கும் நோயாளரும் மாணவருமேயாவர். அன்றியும், ஒரே நாளை இருமுறை வரவழைத்து, இரண்டு கருவிகளை அதே வெயிலில் ஒப்பிட்டுப் பார்க்க எவராலும் இயலாது. எனவே, கட்டடத்தைக் கணக்கில் எழுப்பி, காற்றையும் வெயிலையும் எண்களாக வீசச் செய்து, அதனுட் கருவியை இயக்கிப் பார்க்கும் எண்ணம் பிறந்தது.

அதற்கு வேண்டிய மூலக் கணிதம் முன்னரே இருந்தது. திண்மப் பொருளில் வெப்பம் பரவும் முறையை ஃபூரியே என்னும் பிரெஞ்சு அறிஞர் 1822இல் நூலாக வெளியிட்டார். ஆயின், ஒரு கட்டடத்தின் எல்லாச் சுவர்களுக்கும் ஆண்டு முழுவதும் அக்கணக்கைக் கையாற் செய்து முடித்தல் அரிது. கணினி வந்த பின்னரே வழி பிறந்தது. 1960களில் அமெரிக்காவின் தேசிய நியமப் பணியகத்தில் தமாமி குசுடா என்பார், அணுகுண்டுப் போருக்கு அஞ்சி அமைத்த நிலவறைப் புகலிடங்களில் மக்கள் அடைபட்டிருந்தாற் சூடு எவ்வளவு ஏறும் என்பதைக் கணினியிற் கணித்தார். 1967இல் கனடாவின் ஸ்டீவன்சன், மிற்றலாஸ் என்போர், சுவர் தன்மேற் படும் வெப்பத்துக்குக் காலந்தாழ்த்து அளிக்கும் மறுமொழியை எளிய எண்வரிசையாக்கும் முறையை வெளியிட்டனர். மண்டூரின் மண்சுவர் நண்பகல் வெயிலை மாலைவரை தாமதப்படுத்தும் செய்தியே அந்த எண்வரிசையில் அடங்கியிருக்கிறது.

1973இல் எண்ணெய் நெருக்கடி உலகை உலுக்கியபோது இம்முயற்சிக்குப் புதிய வேகம் கிட்டிற்று. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் 1975இல் ட்ரான்சிஸ் என்னும் மென்பொருள் வெளியாயிற்று. ஸ்கொட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தில் ஜோ கிளார்க் அதே பத்தாண்டில் ஈஎஸ்பி என்பதை உருவாக்கினார். அமெரிக்க அரசாங்கத்தின் ஆதரவில் டீஓஈ-2, பிளாஸ்ட் என்னும் இரண்டும் எழுந்தன. அவ்விரண்டின் அனுபவத்தையும் ஒன்றுகூட்டி 2001இல் எனர்ஜிபிளஸ் வெளியிடப்பட்டது. இவற்றின் வேலைமுறை ஏறத்தாழ ஒன்றே. சுவரின் தடிப்பு, கூரையின் பொருள், யன்னலின் திசை, உள்ளே இருப்போர் தொகை ஆகியவற்றைக் கணினிக்குக் கொடுத்தல் வேண்டும். அந்த ஊரின் வானிலையை, ஓராண்டின் 8,760 மணிகளுக்கும், சூடு, ஈரம், வெயில், காற்றின் திசை, வேகம் எனப் பிரித்துக் கொடுத்தல் வேண்டும். கணினி சில நிமிடங்களுக்கு ஒரு முறையாக ஆண்டு முழுவதையும் நடந்து சென்று, ஒவ்வோர் அறையின் நிலையையும் கூறும்.

தொடக்கத்தில் இம்மென்பொருள்களிற் பலவும், கட்டுப்பாட்டுக் கருவி என்றும் பிழையின்றி இயங்கும் என்று கொண்டே கணித்தன. உண்மையில் உணரி காலந்தாழ்த்தும், காற்றுக்கதவு சிக்கிக்கொள்ளும், கருவி ஊசலாடும். இக்குறைகளையும் கணக்கிற் கொண்ட எச்வாக்சிம் பிளஸ் என்னும் மென்பொருளை அமெரிக்கத் தேசிய நியமப் பணியகம் 1985இல் வெளியிட்டது. அதன்பின் நாடுகள் பல கூடிய சர்வதேச எரிசக்தி முகவரகத்தின் ஆய்வுத்திட்டமொன்றில் வேறொரு வழி வளர்க்கப்பட்டது. மெய்யான கருவியை மேசைமேல் வைத்து, அதன் கம்பிகளைக் கணினியோடு இணைத்தனர். கருவி தான் ஓர் உண்மைக் கட்டடத்தை ஆள்வதாகவே எண்ணிக் கட்டளையிடும். கணினியோ அக்கட்டளையைக் கற்பனைக் கட்டடத்திற் செலுத்தி, அதனால் விளையும் வெப்பநிலையைத் திருப்பியனுப்பும். விமானமோட்டக் கற்பவனைத் தரையிலுள்ள போலி விமானத்தில் அமர்த்திப் பயிற்றுவது போன்றது இது. 1997இல் தோன்றிய மொடெலிக்கா என்னும் கணிமொழியும், பின்னர் அமெரிக்காவின் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தில் மைக்கல் வெட்டர் முதலியோர் ஆக்கிய இணைப்பு மென்பொருளும் இச்சோதனையை எளிதாக்கின. வெவ்வேறு ஆய்வாளரின் கட்டுப்பாட்டு விதிகளை ஒரே கட்டடத்தில், ஒரே வானிலையில், ஒரே அளவுகோலால் ஒப்பிடும் பொதுச் சோதனைக் களமும் 2020ஐ அடுத்த ஆண்டுகளில் அமைந்துவிட்டது.

இவ்வளவும் கருவியின் திறமை பற்றிய வரலாறு. ஆயின், கருவி எதனை நோக்கி இயங்குதல் வேண்டும் என்னும் கேள்வி இதனினும் பெரிது. எத்தனை பாகை மனிதனுக்கு இதமானது? யாருடைய உடம்பை அளவுகோலாகக் கொள்வது? 1970இல் டென்மார்க்கின் பேராசிரியர் ஃபங்கர், அமெரிக்காவிலும் டென்மார்க்கிலும் மாணவர்களைச் சோதனையறையில் அமர்த்திக் கண்ட முடிவுகளைக் கொண்டு ஒரு சமன்பாட்டை வெளியிட்டார். அது நுண்ணிய ஆய்வே. எனினும் குளிர்நாட்டுச் சோதனையறையிற் பிறந்த அந்த அளவு, உலகெங்கும் உள்ள கட்டடங்களுக்கு விதியாகிவிட்டது. வெப்ப நாடுகளின் அலுவலகங்களில் மக்கள் கம்பளிச் சட்டை அணிந்து நடுங்கும் விந்தைக்கு அதுவும் ஒரு காரணமாயிற்று.

இதற்கு மாறான சான்று கீழைநாடுகளிலேயே முன்னரும் பின்னரும் கிடைத்தது. 1959இல் சி. ஜி. வெப் என்பார் சிங்கப்பூர்வாசிகளிடத்துக் கண்ட அவதானிப்புகளை வெளியிட்டார். இந்தியாவின் ரூர்க்கியிலும் ஈராக்கின் பக்தாத்திலும் சேர்த்த அவதானிப்புகளை ஆராய்ந்து ஃபேர்கஸ் நிக்கொல் 1974இல் ஒரு கட்டுரை எழுதினார். காற்று அசையுமாயின் 30 பாகையைத் தாண்டிய சூட்டிலும் அம்மக்கள் இதமாக உணர்ந்தனர் என்பது தெரிந்தது. அவரும் மைக்கல் ஹம்ஃப்ரிசும் இதிலிருந்து ஒரு கொள்கையை வளர்த்தனர். மனிதன் வெப்பத்தைப் பொறுத்துக் கிடக்கும் சடப்பொருள் அல்லன். ஆடையை மாற்றியும், யன்னலைத் திறந்தும், இடம் பெயர்ந்தும் தன்னை இசைவித்துக்கொள்பவன் என்பதே அதன் சாரம். மண்டூரின் திண்ணை அறிந்திருந்ததை ஆய்வுக் கட்டுரை உறுதிப்படுத்திற்று எனலாம்.

இந்தியாவில் அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகத்தார், அகமதாபாத், பெங்களூர், சென்னை, டெல்லி, சிம்லா என்னும் ஐந்து நகரங்களில், 16 அலுவலகக் கட்டடங்களில் 6,330 மறுமொழிகளைத் திரட்டி ஆராய்ந்தனர். வெளியின் சராசரிச் சூடு 1 பாகை ஏறும்போது, இயற்கைக் காற்றோட்டமுள்ள கட்டடத்தில் மக்கள் இதமெனக் கொள்ளும் சூடும் ஏறத்தாழ அரைப் பாகை ஏறுகிறது என்பது அவர்தம் முடிவுகளுள் ஒன்று. சென்னை அலுவலர்கள் சொல்லிய விடைகளும் சேர்ந்து பிறந்த இந்த அளவை, இந்தியாவின் 2016ஆம் ஆண்டுத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு ஏற்றுக்கொண்டது. அறைக் குளிரூட்டிகள் தொடக்கத்தில் 24 பாகைக்கே அமைக்கப்பட்டிருத்தல் வேண்டும் என்னும் விதியும் அங்கு 2020 தை முதல் நடைமுறைக்கு வந்தது.

இனி மண்டூரில் ஒரு பாடசாலைக் கட்டடம் எழுவதாகவும், அதன் யன்னல்களையும் விசிறிகளையும் ஒரு கருவி ஆள்வதாகவும் எடுத்துக்கொள்வோம். அறையின் சூடு 28 பாகையைத் தாண்டினால் யன்னலைத் திற, குறைந்தால் மூடு என்பது அக்கருவிக்கு இட்ட விதியாகுக. இவ்விதியைக் கணினியிலே கொழும்பின் வானிலையைக் கொண்டு சோதித்தால் அது பெரும்பாலும் நன்றாகவே தேறும். அங்கே கடலை அடுத்த வெளிக்காற்று அறைக்காற்றைவிட மிகுதியும் சூடாவதில்லை. அதே கருவியை மண்டூருக்குக் கொண்டுவந்து ஆனி மாதத்து நண்பகலில் இயக்கினால் நிகழ்வது யாது? அறை 32 பாகையில் இருக்கும். வெளியே கச்சான் 37 பாகையில் வீசும். சூடு மிகுந்ததென்று கருவி யன்னலைத் திறக்கும். அனல் உள்ளே பாயும். மேலும் சூடாயிற்றென்று அது யன்னலைத் திறந்தே வைத்திருக்கும். பாட்டி அடைத்த யன்னலைப் பொறி திறந்துவிடும். கருவி பழுதானதன்று, சோதித்த காற்றே வேறு.

மட்டக்களப்பின் வானிலையைக் கொண்டு சோதித்தாற் குறை உடனே வெளிப்படும். அப்பொழுது விதியைத் திருத்தலாம். வெளிச்சூட்டையும் உட்சூட்டையும் ஒப்பிட்டு, வெளி தணிந்திருந்தால் மாத்திரம் அகலத் திறத்தல். கச்சான் வேளையில் யன்னலை ஒடுக்கி, கூரை விசிறியால் உட்காற்றையே அசைத்தல். ஆயினும் மாணவர் மூச்சுக்கு வேண்டிய சிறு திறப்பை என்றும் விட்டுவைத்தல். மாலைக்குப் பின் இரவெல்லாம் திறந்து சுவரைக் குளிரவிடுதல் என்பன அத்திருத்தங்கள். காற்று 28 பாகையை ஒட்டி ஏறியும் இறங்கியும் நிற்கையில் யன்னல் நிமிடத்துக்கொரு முறை திறந்து மூடாதிருக்க, திறக்கும் அளவுக்கும் மூடும் அளவுக்கும் இடையே சிறிது இடைவெளி விடுதலும் வேண்டும். உலர்ந்த கச்சானில் நனைத்த தட்டி அறையைக் குளிர்விக்கும். ஈர வாடையில் அது பயன் தராது. ஆகவே ஈரத்தையும் கருவி உணர்தல் நன்று. வானிலைக் கோவை பெரும்பாலும் பல ஆண்டுகளின் பதிவுகளிலிருந்து தொகுத்த ஒரு மாதிரி ஆண்டாகவே இருக்கும். அதிற் கடுங்கச்சான் நாட்கள் மங்கிப்போகக்கூடும். எனவே மிகக் கொடிய வாரமொன்றையும் தனியே எடுத்துச் சோதித்தல் அறிவுடைமை.

இவ்வளவு கணக்கு எதற்கு, குளிரூட்டியைப் பூட்டிவிட்டாற் போதாதோ என வினவலாம். இதற்கு விடையைக் காலமே தந்திருக்கிறது. 2022ஆம் ஆண்டில் இலங்கை எரிபொருளின்றித் தவித்தபோது, பங்குனி இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் தடைப்பட்டது. திறக்கவியலாத கண்ணாடிச் சுவர்களுள் அடைபட்ட கட்டடங்கள் அவ்வேளையில் அடுப்புகளாயின. கிடுகுக் கூரை நீங்கித் தகரமும் கல்நார்த் தகடும் ஏறிய எளியோர் வீடுகளிலோ, குளிரூட்டிக்குப் பணமும் இல்லை, பழைய கூரையின் தண்மையும் இல்லை. காற்றை ஆளும் கலை செல்வருக்கு மாத்திரம் உரியதாகிவிட்டால், பங்காக் கயிற்றின் காலம் வேறோர் உருவில் மீண்டும் வந்ததாகவே முடியும்.

இலங்கையில் இவ்வறிவு முற்றாக மறைந்துவிடவில்லை. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960களின் பிற்பகுதியில் ஒருவலையில் உருக்குக் கூட்டுத்தாபனத்துக்கு எழுப்பிய அலுவலகம், துளைகள் நிறைந்த கொங்கிறீற்றுச் சுவர்களாலே காற்றை வாங்குவது. கொழும்பில் அரச ஈட்டு வங்கிக்கு 1970களில் அவர் வகுத்த மாடிக்கட்டடமும் இயற்கைக் காற்றோட்டத்தை எண்ணியே உருவாயிற்று. துல்ஹிரியவில் 2008இல் திறந்த துருலிய ஆடைத் தொழிற்சாலை, நீர் ஆவியாகும் குளிர்ச்சியைக் கொண்டு தையற்கூடத்தைத் தண்மைப்படுத்தி உலகின் கவனத்தை ஈர்த்தது. அதே ஆண்டில் நிலைபெறுதகு சக்தி அதிகாரசபை கட்டடங்களின் சக்திச் சிக்கனத்துக்கான நடைமுறைக் கோவையையும் வெளியிட்டது. இனி வேண்டுவது, ஒவ்வொரு பிரதேசத்தின் காற்றையும் அதனதன் இயல்போடு கணக்கிலே சேர்க்கும் முயற்சியாகும்.

கணினி எதனையும் தானே அறிவதில்லை, கொடுத்ததையே அறியும். கச்சானை எண்ணாக்கிக் கொடுக்காதவரை, கணினிக்குக் கச்சான் என்றொரு காற்றே இல்லை. மட்டக்களப்பு மாணவர் சிலர் தத்தம் பாடசாலையில் ஒரு வெப்பமானியை வகுப்பறைக்கு உள்ளேயும், மற்றொன்றை வெளியே நிழலிலும் தொங்கவிட்டு, மணிக்கொரு முறை ஓராண்டு குறித்துவைப்பாராயின், அந்த ஏடு எந்தப் பெரிய மென்பொருளுக்கும் விருந்தாகும். ட்ரெபெலின் அடுப்பு முதல் இன்றைய சோதனைக் களம்வரை நான்கு நூற்றாண்டுகளாக அறிஞர் தேடியது, வீட்டை அறிந்த ஒருவரின் கையைப் போன்று இயங்கும் ஒரு கருவியையே. எந்த வேளையில் எந்தக் கதவை அடைப்பது என்று அறிந்த முதியோர் படுவான்கரையில் இருக்கும்போதே அவ்வறிவைக் கேட்டு எழுதிக்கொள்ளுதல், இக்காலக் கட்டடக் கலைஞர்க்கும் பொறியியலாளர்க்கும் உரிய முதற்கடமையாகும்.